பொரிய மறந்த முட்டைகள்

"நம்ம சோளக் கொல்லையில அந்துப்பூச்சி போட்ட முட்டைங்களுக்குப் பொரியவே மறந்துபோச்சுப்பா!"

மலர்விழி இப்படிச் சொன்னதும் அப்பா பொன்னுரங்கம் சோற்றுக் கையோடு சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? கிணற்றடி ஓணானைப் பார்த்து, "முதலை! முதலை!" என்று வடக்கனந்தல் ஊரே எழுந்து உட்காரும்படி கத்தியவள் ஆயிற்றே அவள்.

"போடி! மருந்து அடிச்சும் பூச்சி பறந்துகினுதான இருக்கு? அது வெறுந்தண்ணி. ஞாயித்துக்கெழம காட்டமான விஷம் அடிக்க ஆள் சொல்லிட்டேன்."

மலர்விழி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சோளத்துக்குள்ள கவுதாரி அடைகாக்குதுப்பா."

"அதுக்காகச் சோளத்தப் புழுவுக்குக் குடுத்துடலாமா?"

"மருந்து குடுத்த கடைக்காரரு இன்னா சொன்னாரு? இந்த மருந்து பட்டா புழு தோலுரிக்க முடியாம செத்துடும். பறக்கிற பூச்சி சாவாது. ஆனா அது போடுற முட்டை பொரியாதுன்னாரா இல்லியா?"

"முதலை கதை மாதிரி இதுவும் ஒரு கதை!"

இனி வாயால் சொல்லிப் பயனில்லை. மலர்விழி கொல்லைக்கு ஓடினாள். முட்டையோடு ஓர் இலையைக் கிள்ளினாள். மருந்தே அடிக்காத பகலவன் மாமா கொல்லையிலிருந்து, அன்று இட்ட முட்டையோடு இன்னோர் இலை. இரண்டிலும் முட்டைகளின் மேல் மெல்லிய பஞ்சு. தாய்ப்பூச்சி தன் உடம்பு முடியையே உதிர்த்துப் போர்த்தியிருந்தது. பொரியாத முட்டைக்கும் போர்வை! அவளுக்குப் பாவமாக இருந்தது.

இலைகளை இரண்டு டப்பாக்களில் வைத்து, துணியால் வாய் கட்டினாள்.

"ஐயோ, தயிர்சோறு டப்பாடி!" என்று அம்மா தைலம்மாள் அலறியது கல்வராயன் மலையில் மோதித் திரும்பி வந்தது.

ஞாயிறு காலை இரண்டையும் அப்பா முன் திறந்தாள்.

மாமா டப்பாவில் மிளகுப்பொடிக்குக் கால் முளைத்ததுபோல் குட்டிப் புழுக்கள் ஊர்ந்தன. அவற்றைக் கோழி கவனித்துக்கொண்டது. இவர்கள் டப்பாவில்? கப்சிப். அப்பா துடைப்பக்குச்சியால் கிளறினார். ஊதினார். அம்மாவின் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டும் பார்த்தார். முட்டை முட்டையாகவே கிடந்தது.

அப்பா மெதுவாகப் போனை எடுத்தார்.

"இளஞ்செழியா, மருந்தடிக்க வராத. எங்க கொல்லை முட்டைங்களுக்குப் பொரியவே மறந்துபோச்சு."

போனுக்குள் ஒரே சிரிப்பு. "இன்னாண்ணே, உம் பொண்ணு மாதிரி பேசறே!"

அப்பா மலர்விழியைப் பார்த்தார்.

"ஆமாண்டா. அவ சொன்னதுதான் நடந்திருக்கு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"