பதினேழுக்கு வழி விடுங்கள்

பதினேழு பதில் சொல்லியிருக்கக் கூடாது. அந்த இலக்கத்தில் ஒரு ஜீப்பே இல்லை.

புதிய ரேடியோ முறை தொடங்கிய நாள் அது. பழைய அழைப்பு இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால் 'மூடப்பட்டது' என்று அறிவிக்க வேண்டும் என்று சிங்களத்தில் வந்த சுற்றறிக்கை சொன்னது. கல்முனைக் கரையோரத்துப் பொலிஸ் நிலையமொன்றின் ரேடியோ அறையில் துசாந் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஆட்களைப் பந்திக்கு அழைப்பவனைப் போலச் சலிப்போடு கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலோரத்து வாங்கில் ஜீப் டிரைவர் ஸப்ரி, நிலையத்தில் எல்லோரும் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர், ஆறிப்போன பிளேன்டீயை வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"பதினாறு... பதினாறு... மூடப்பட்டது. பதினேழு... பதினேழு..."

ஒலிபெருக்கியில் இரைச்சல் வந்தது. ஈரமான இரைச்சல். சோற்றுப்பானை மூடியைத் தூக்கிவிட்டு அடங்குகிற மாதிரி ஒரு குமுறல். அதற்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல்.

"பதினேழு. வழியில இரிக்கம்."

துசாந் சிரித்தான். "ஆரோ பழக்கத்தில சொல்றாங்கள் காக்கா. நம்மட ஆக்களுக்குப் புது நம்பர் மண்டைக்குள்ள ஏறினாத்தானே."

அதுவும் நியாயம்தான். அந்தக் கிழமை முழுக்க நடந்த ஒத்திகையில் எல்லோரும் பழைய இலக்கத்தைச் சொல்வதும் நாக்கைக் கடிப்பதுமாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஸப்ரிக்குச் சிரிப்பு வரவில்லை. வசனத்தின் கடைசியைத் தொட்டில் ஆட்டுவதுபோல் இழுக்கும் அந்தக் குரலை அவருக்குத் தெரியும். பதினேழை ஓட்டியவர் கலந்தர் காக்கா. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில், சாய்ந்தமருதுக் கரையில் ஆட்கள் அலறுகிறார்கள் என்று அழைப்பு வந்ததும் இரண்டு கான்ஸ்டபிள்களோடு கரையைப் பார்த்து ஜீப்பை விட்டவர். பிறகு அவரையும் காணவில்லை, அவர்களையும் காணவில்லை, ஜீப்பின் ஓர் ஆணிகூடக் கிடைக்கவில்லை. அந்த இலக்கத்தை அதன்பின் எந்த வண்டிக்கும் கொடுத்ததில்லை. துசாந் அப்போது கைக்குழந்தை, அவனுக்கு என்ன தெரியும்?

தூக்கமில்லாதவன் காதில் எல்லாம்தான் விழும் என்று ஸப்ரி தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

அரசாங்கம் எதை மாற்றினாலும் முதலில் பறிபோவது டிரைவரின் தூக்கம்தான். இரண்டு கிழமையாக மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு, இந்த வயதில் அவரை வளைந்து வளைந்து ஓடவிட்டார்கள். முழங்கால் நோவெடுத்தது. இருந்தும் புதிய விதிகளில் ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் ஓர் அழைப்பு வந்தால் எல்லா ஜீப்புகளும் கந்தூரிச் சோற்றுக்கு ஓடுவதுபோல் ஓடும். இனி அப்படியில்லை. 'நாங்க கிட்ட' என்று முதலில் சொல்லும் ஜீப் போகும். மற்றது இடப்பக்கம் ஒதுங்கி, சைரனை நிறுத்தி, வழி விட வேண்டும். களைத்த மனிதனுக்கு இதைவிட நல்ல சட்டம் ஏது?

அன்று பொழுது சாயும் மஃரிபு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதல் அழைப்பு வந்தது. நற்பிட்டிமுனை மீன் வியாபாரி முஸ்தாக்கைச் சாய்ந்தமருதுப் பிரதான வீதியில் வான் வண்டி ஒன்று தட்டிவிட்டதாம். ஸப்ரி சைரனைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பக்கத்தில் கான்ஸ்டபிள் முர்ஷித் இருந்தான். ரேடியோ இரைந்தது.

"பதினேழு. நாங்க கிட்ட."

சட்டம் சட்டம்தானே என்று துசாந், "இருநூற்றி நாலு, ஒதுங்குங்க" என்றான்.

இருநூற்றி நாலு ஸப்ரியின் புதிய இலக்கம். அவர் ஒதுங்கினார். சைரனை நிறுத்தினார். சீட்டில் சாய்ந்தபோது உடம்பு முழுக்க ஓர் ஆறுதல் பரவியது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

"ஆரு காக்கா இந்தப் பதினேழு?" என்றான் முர்ஷித்.

"ஆரோ" என்றார் ஸப்ரி.

மறுநாள் காலை முர்ஷித் பேயறைந்தவன் போல வந்தான். எந்த நிலையத்திலிருந்தும் எந்த ஜீப்பும் அங்கே போகவில்லை. ஆனால் ஜீப் ஒன்று வந்தது.

"சனம் முஸ்தாக்கை ஆட்டோவில ஏத்தப் போயிரிக்கி காக்கா. அதுக்குள்ள ஜீப் வந்த உடனே, பொலிஸ் வந்துட்டு இனி அவங்க பாப்பாங்க எண்டு ரோட்டில கிடத்திட்டு விலகியிரிக்காங்கள். ஜீப்பால ஒருத்தரும் இறங்கல்ல. பின்கதவு மட்டும் திறந்திச்சாம். அப்படியே நிண்டிச்சாம். அந்த மனிசன் கதவுக்குள்ளயே பாத்துக்கொண்டு கிடந்தாராம். இஞ்ச என்ன நடக்குது எண்டு சனத்துக்கு விளங்கிறதுக்குள்ள மூச்சு போயிட்டு."

அவன் ஸப்ரியின் காதோரம் குனிந்தான். "வாய்க்குள்ள கடல் மண்ணாம் காக்கா. தார் ரோட்டில கிடந்த மனிசன்ட வாய்க்குள்ள."

ஸப்ரி ரேடியோ அறைக்குப் போனார். துசாந் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"பதினேழை மூடு."

"மூட ஏலாது காக்கா. விடிய விடியக் கூப்பிட்டன். ஒவ்வொரு தரமும் பதில் வருது. பதில் வந்தா மூடக் கூடாதெண்டு சுற்றறிக்கையில கிடக்கு."

"மேல சொல்லு."

"என்னெண்டு சொல்றது? கடலுக்குள்ள போன ஜீப் கதைக்குதெண்டா? என்னையும் உங்களையும் சேத்து அங்கொடைப் பைத்தியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாங்கள்."

ஸப்ரி வெளியே வந்து ஜீப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வெயிலில் தகரம் சுட்டது. நேற்று அந்த ஆறுதல் வந்ததே, அது இப்போது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. இனி யார் கிட்ட என்று சொன்னாலும் ஒதுங்குவதில்லை என்று முடிவு செய்தார். மனிதன் முடிவு செய்வது எவ்வளவு சுலபம்.

பின்னேரம் தாமதமாக அசர் தொழுதுவிட்டு வந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டும்போது அடுத்த அழைப்பு வந்தது. நற்பிட்டிமுனைக்கு அப்பால் வயல் வீதியில் ஸ்கூட்டியொன்று வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டது. ஓட்டி வந்தது ஒரு பெண். துசாந் ஸ்கூட்டியின் இலக்கத்தை வாசித்தான். பாதியில் நிறுத்தினான். அவனுக்கும் அந்த ஸ்கூட்டியைத் தெரியும்.

நாவிதன்வெளியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கும் அம்ஹா, ஸப்ரியின் ஒரே மகள், மாலை வகுப்பு முடிந்து அந்த வீதியால்தான் வருவாள். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்துக் கொடுத்து, ஹெல்மட்டைப் போடு புள்ள என்று கத்தி அனுப்புவது அவருடைய காலை வேலை. இன்று காலை கையசைத்தபோது அவள் உள்ளங்கையில் புது மருதோன்றி சிவந்திருந்தது.

"பதினேழு. நாங்க கிட்ட."

"இல்ல!" ஸப்ரி ஜீப்புக்குள் பாய்ந்து மைக்கை நசுக்கிப் பிடித்தார். "நான் ஒதுங்க மாட்டன்! துசாந், அது என்ட புள்ள!"

இரைச்சல் மட்டும் வந்தது.

அவர் ஓட்டினார். சந்தை வந்தது, போனது. கருவாட்டு மணமும் டீசல் புகையும் ஜன்னலால் அடித்தன. ஒரு சைக்கிள் தப்பியது. ஒரு மாடு தப்பியது. முர்ஷித் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். நற்பிட்டிமுனை வீதி. வீடுகள் குறைந்தன, பச்சை தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான். யா அல்லாஹ், இன்னும் கொஞ்சம்.

வளைவில் ஜனாஸா ஊர்வலம் வந்தது.

முஸ்தாக்கின் ஜனாஸா. பிரேத பரிசோதனை முடிந்து தாமதமாகக் கிடைத்த உடலுக்குத் தொழுகை நடத்திவிட்டு மையவாடிக்குக் கொண்டு போகிறார்கள். ஒடுங்கிய வீதி முழுக்க வெள்ளைத் தொப்பிகள். நடுவில் பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குப் பெட்டி.

அவசர வாகனம் இன்னொரு ஜீப்புக்கன்றி வேறெதற்காகவும் நிற்கக் கூடாது என்பது புதிய விதி. ஆனால் ஸப்ரியின் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. கை சைரனை அணைத்தது, எஞ்சினையும் அணைத்தது. ஜீப் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், எங்கள் பக்கத்தில் மையவாடி மட்டும். வீடு பற்றி எரிந்தாலும் இங்கே யாரும் ஜனாஸாவுக்கு முன்னால் ஹோன் அடிக்க மாட்டார்கள். அதிலும் இந்த மனிதனுக்கு முன்னால். நேற்று தான் போகாமல் விட்ட மனிதன்.

இறங்கி ஓடிவிடலாம் என்று குதித்தார். கூட்டம் அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. தோள் கொடுக்க வந்தவர் என்று நினைத்து யாரோ அவருடைய கையைப் பிடித்து இழுத்து, சந்தூக்கின் கம்பைத் தோளில் வைத்தார்கள். மறுபக்கம் முர்ஷித்தின் தோளிலும் வைத்தார்கள். வைத்த பிறகு விட்டுவிட்டு ஓட முடியுமா? கனத்தது. கற்பூர மணம் மூக்கை அடைத்தது. கலிமா சொல்லும் முணுமுணுப்பு காதைச் சுற்றி வண்டாக இரைந்தது. பச்சைத் துணி முகத்தில் உரச, கண்ணை மூடிக்கொண்டு நாலடி நடந்தார்.

"வழி விடுங்க, வழி விடுங்க. பொலிஸ் போகட்டும்" என்றது ஒரு குரல்.

தனக்காகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தார். வலப்பக்கமாகக் குளிர்காற்று ஒன்று உரசிக்கொண்டு போனது. அழுகிய கடற்பாசி நாற்றம். தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு, முர்ஷித்தோடு ஜீப்புக்கு ஓடினார்.

வாய்க்காலோரம். ஸ்கூட்டி. சிக்னல் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அம்ஹாவைக் காணவில்லை.

வரம்பில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த குஞ்சம்மாக் கிழவி சேற்றுக் கையோடு எழுந்து வந்தாள்.

"உங்கட ஜீப் வந்து ஏத்திக்கொண்டு போயிட்டுதே தம்பி. உசிருக்கு ஒண்டுமில்ல, கையிலதான் அடி. நான்தான் தூக்கி விட்டனான். பொலிசைக் கண்ட உடனே அந்தப் புள்ள தானா நடந்து போய் ஏறிச்சு."

"எந்தப் பக்கம் போச்சு?"

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்க வந்த பக்கந்தான். இஞ்ச நிண்டு பாத்தனான். உங்களத் தாண்டித்தானே போச்சு. நீங்க ஒதுங்கி நிண்டு வழி விட்டீங்களே."

முர்ஷித் தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டான்.

ரேடியோ கரகரத்தது.

"வாப்பா?"

ஸப்ரி பாய்ந்து மைக்கை எடுத்தார். மகளின் குரலைக் கேட்டதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உலகமே சரியாகிவிட்டது போலிருந்தது.

"வாப்பா, நான் ஜீப்பில இரிக்கன். கை மட்டுந்தான் நோகுது. பயப்பிடாதீங்க."

"எங்க புள்ள இரிக்காய்?"

"தெரியல்ல வாப்பா. கண்ணாடி எல்லாம் பனிப்புகார் பிடிச்சிரிக்கி. கடல் சத்தம் கேக்குது. டிரைவர் மாமா உங்களத் தெரியும் எண்டாரு. உங்களுக்குச் சலாம் சொல்லச் சொல்றாரு."

சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. ஸப்ரியின் உதடு அசையவில்லை.

திரும்பினார். முர்ஷித்தை ஏற்றினாரா, விட்டுவிட்டு வந்தாரா, தெரியாது. சந்திகள். ஹோன்கள். யாரோ ஏசினார்கள். கரை.

மாலைக் கடல் வெறுமையாக இருந்தது. தோணிகள் கவிழ்த்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவால், ஈர மணலில், டயர்த் தடம். புதிது. இரண்டு கோடுகள் நேரே தண்ணீருக்குள் போயின. திரும்பி வந்த தடம் இல்லை.

ஒரு பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. அடுத்த பள்ளியில். அதற்கடுத்ததில்.

"வாப்பா, கால் நனையுது."

"கதவத் திற! புள்ள, கதவத் திற!"

"கதவில பிடி இல்ல வாப்பா." குரல் முதன்முறையாக நடுங்கியது. "இஞ்ச நிறையப் பேர் இரிக்காங்க. ஒருத்தரும் கதைக்காங்க இல்ல. வாப்பா, நீங்க கிட்டவா?"

"கிட்ட! நான் கிட்ட! நான் கிட்ட!"

அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஜீப்பின் கதவு பின்னால் திறந்து கிடந்தது. ரேடியோ இரைந்தது.

"பதினேழு. வந்து சேர்ந்துட்டம்."

அலைகளுக்கு அப்பால், தண்ணீருக்கு அடியில், நீல விளக்கொன்று சுழலத் தொடங்கியது. மெதுவாக. அவசரமே இல்லாமல். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண்ணாடி தெரிந்தது. கண்ணாடியின் உள்பக்கம் கைகள். பெரிய கைகள். சின்னக் கைகள். அசையாமல் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு கை மட்டும், மருதோன்றி போட்ட கை, தட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டல் கரையில் நின்ற ஜீப்பின் ரேடியோவில் கேட்டது.