நாற்பத்தொரு போட்டோவிலும் அப்பா

இன்சூரன்ஸுக்கு வீட்டைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றதும், எங்கள் அப்பா முதலில் செய்த காரியம் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டதுதான்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்ன செய்வது, பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

விஷயம் இதுதான். போன வருடப் புயலில் என் அறைச் சுவரில் விரிசல் விட்டு, தண்ணீர் இறங்கி, மெத்தையெல்லாம் ஊறிப்போனது. அன்றிலிருந்து நான் ஹாலில், சித்தப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கிறேன். அவர் விடும் குறட்டையில் ஜன்னல் கம்பி அதிரும். எனக்கு என் அறை திரும்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சித்தப்பா ஒரு கொத்தனார்! ஊரில் பாதி வீடு அவர் பூசியது. எங்கள் விரிசலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நாளைக்குப் பாத்துடலாம் கண்ணு" என்பார். அந்த நாளை ஒரு வருடமாக வரவே இல்லை.

கடலில் மறுபடி புயல் உருவாகிறது என்று அன்று மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் ஒரே அமர்க்களம். அப்பா ஃப்ரிட்ஜைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா மிக்ஸியைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பா சோஃபாவில் படுத்தபடி இருவருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். இன்சூரன்ஸ் அலுவலக அக்கா. எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டேன்.

"பாப்பா, அப்பா அனுப்பின நாப்பத்தொரு போட்டோவும் வந்துச்சு. அப்பா ரொம்ப நல்லா இருக்கார். ஆனா ஃப்ரிட்ஜ் எங்க?"

"அதை அனுப்பலையாக்கா?"

"அனுப்பியிருக்கார். ஆனா முன்னாடி அவர் நிக்கறார். டிவிக்கு முன்னாடியும் அவர்தான். வாஷிங் மெஷினுக்கு வேற சட்டை மாத்திக்கிட்டு நிக்கறார். சோஃபாவுல மட்டும் அவர் ஓரமாத்தான் இருக்கார், நடுவுல ஒரு பெரிய மூட்டை கிடக்கு."

"அது மூட்டை இல்லக்கா. சித்தப்பா."

சித்தப்பா படாரென்று எழுந்து உட்கார்ந்தார்.

அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "ஆளே இல்லாம எடுத்தா, இது யார் வீட்டு ஃப்ரிட்ஜுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சார், எங்களுக்குப் பொருள் தெரியணும், சுவர் தெரியணும், கூரை தெரியணும். அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க. அஞ்சு மணிக்குப் புயல் எச்சரிக்கை வருதாம். வந்துட்டா, புயல் போற வரைக்கும் புது பாலிசி யாருக்கும் கிடையாது."

மணி மூன்று. அப்பாவின் முகம் வாடிப்போனது. பாவம், நாலு சட்டை மாற்றியிருக்கிறார்.

"அப்பா, இந்தத் தடவை நீங்களே எடுங்க. உங்க கைதான் ஆடாது" என்றேன். போன் அவர் கையில் இருந்தால் அவர் எப்படி முன்னால் போய் நிற்க முடியும்?

அப்பாவுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. கட்டிய தார்ப்பாயை அவிழ்த்தோம். ஏற்றிய மிக்ஸியை இறக்கினோம். ஃப்ரிட்ஜைப் படம் எடுத்தால், பளபளக்கும் கதவில் போனும் கையுமாக அப்பா தெரிந்தார்!

"கொஞ்சம் பக்கத்துல தள்ளி நில்லுங்கப்பா!"

கடைசியாக என் அறை. கட்டிலை எடுத்தார். ஜன்னலை எடுத்தார். "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று கிளம்பினார்.

"விரிசல் விட்ட சுவர்?"

"ஷ்ஷ்!" அப்பா குரலைத் தாழ்த்தினார். "மத்த போட்டோவுல நான் சும்மா நின்னேன். இந்தச் சுவருக்கு முன்னாடி மட்டும் வேணும்னே நின்னேன். இதைப் பாத்தா பாலிசி குடுக்க மாட்டாங்க கண்ணு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கிடைக்காமல் போனால் எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள். இருந்தாலும் கேட்டுவிட்டேன். "புயல் அடிச்சப்புறம் அவங்க நேர்ல வந்து பாப்பாங்களே? அப்பவும் நீங்க சுவரை மறைச்சுக்கிட்டு நிப்பீங்களா?"

அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு போனை என்னிடம் நீட்டினார். "நீயே எடு."

விரிசலின் அளவு தெரியட்டும் என்று என் பென்சிலை அதில் செருகினேன். பாதிப் பென்சில் உள்ளே போய்விட்டது. படத்தோடு, "இது போன வருடத்து விரிசல்" என்று எழுதி அனுப்பினேன்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. மறுபடி ஸ்பீக்கரைப் போட்டேன்.

"நீங்களே சொல்லிட்டது நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. "மறைச்சிருந்தா, பின்னால பெரிய சிக்கலாயிருக்கும். அஞ்சு மணிக்குள்ள அதை அடைச்சு ஒரு போட்டோ அனுப்புங்க, பாலிசி போட்டுடறேன். ஆனா இந்த நேரத்துக்குக் கொத்தனார் கிடைப்பாரா?"

நாங்கள் மூன்று பேரும் சித்தப்பாவைப் பார்த்தோம்.

"நாளைக்குக் காலைல முதல் வேலையா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"தம்பி!" என்றாள் அம்மா.

ஒரே ஒரு வார்த்தைதான். அடுத்த நிமிடம் சித்தப்பா சிமெண்டுக் கரண்டியும் கையுமாக என் அறையில் நின்றார். அப்பா கலவை போட்டார். நான் தண்ணீர் ஊற்றினேன். அம்மா டார்ச் அடித்தாள். சித்தப்பா விரிசலைச் சுரண்டி, நனைத்து, கலவையைத் திணித்து, வழவழவென்று தேய்த்துவிட்டார்.

ஒரு வருடமாக நான் கெஞ்சிய வேலை, முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது! எனக்கு வந்ததே கோபம்.

"இதுக்கா சித்தப்பா ஒரு வருஷம்?"

"அதான் முடிஞ்சிடுச்சே" என்று அசடு வழிந்தார்.

நாலு ஐம்பதுக்குப் போட்டோ போனது. நாலு ஐம்பத்தாறுக்குப் பாலிசி வந்தது. அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

இரண்டு நாள் கழித்துப் புயல் வந்தது. பேய்க் காற்று. ஹால் கூரையில் நாலு ஓடு பறந்து, தண்ணீர் கொட்டியது. அப்பா போட்டோ எடுத்து அனுப்ப, "கவலைப்படாதீங்க சார், காத்து அடங்கினதும் ஆள் வரும்" என்றார் அக்கா.

வீட்டிலேயே என் அறையில் மட்டும்தான் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கட்டிலில் கை காலை நீட்டிப் படுத்தேன். அப்பாடா!

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா தலையணையோடு வந்தாள். பின்னாலேயே அப்பா, டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசியாகச் சித்தப்பா வந்து, "யார் பூசினதோ, கைக்குத் தங்கக் காப்பு போடணும்!" என்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலின் நட்டநடுவில் படுத்துக் குறட்டையை ஆரம்பித்தார்.

ஒரு வருடம் கழித்து எனக்கு என் அறை கிடைத்துவிட்டது. படுக்கத்தான் இடமில்லை.