இடது கை பிந்தும் தாளம்

கிட்ட வந்து உட்காருங்கள் செல்லங்களே. பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது.

கார் ரிப்பேர் ஷெட் வாசலில் ஒரு தையல்காரி வந்து நின்றாள். கையில் ஒரு இசைத்தட்டு. உலகம் மறந்துபோன பங்க் ராக் இசைக்குழுக்களின் பாட்டுகளைத் தேடிப்பிடித்துத் தொகுத்த தட்டு. இரண்டாம் பக்கத்து நாலாவது பாட்டைக் கடையில் கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டிரம்ஸ் வாசிப்பது அவளுடைய அண்ணன், குள்ளன் என்று எல்லோரும் கூப்பிட்டவன். அவள் தையல் மேசையைத் தட்டித்தட்டிப் பழகிய கை. இடது கை எப்போதும் மயிரிழை பிந்தும்.

அண்ணன் காணாமல் போய் முப்பது வருடம். “ரெக்கார்டிங்குக்கு அவன் வரவே இல்ல, கப்பல் ஏறிட்டான்” என்று அன்று சொன்னவன், அண்ணனின் குழுவில் கிதார் வாசித்த, ஸ்பானர் என்ற பட்டப்பெயர்க்காரன். இந்த ஷெட் அவனுடையது. பாட்டைப் பதிந்ததும் இங்கேதான்.

அண்ணன் எங்கே? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

உள்ளே கிரீஸ் வாடை. மூலையில் பழைய ரெக்கார்ட் பிளேயர்.

“அடடே, தங்கச்சியா! தலை நரைச்சுப்போச்சே!”

“உங்களுக்கு நரைக்க முடியே இல்லையே அண்ணே. இதைக் கொஞ்சம் போடுங்க.”

தட்டின் அட்டையில் தன் குழுவின் பெயரைப் பார்த்ததும் ஸ்பானரின் சிரிப்பு வற்றியது.

“இது எப்படி வெளிய வந்துச்சு?”

“உங்க பாடகர் செத்தப்புறம் அவர் பெட்டியில டேப் கெடந்துச்சாம்.”

போட்டான். கிதார் இரைந்தது. டிரம்ஸ் வெறிபிடித்து அதிர்ந்தது. இரண்டாவது நிமிடத்தில் அவன் முகம் வெளுத்தது.

“இந்த எடத்துல டிரம்ஸ் கிடையாதே. இங்கதான அவன் வாசிப்பு நின்னுச்சு...”

“ஆமா, டேப்புல காலியாத்தான் இருந்துச்சாம். தட்டு போட்டவங்க பழுதுன்னு நெனச்சு, முன்னாடி வாசிச்சதை வெட்டி ஒட்டிட்டாங்களாம். எங்கண்ணன் வரவே இல்லன்னீங்களே?”

அவன் ஜாக்கிக் கம்பியை எடுத்தான்.

“தாளம் பிந்துது, பிந்துதுன்னு எத்தனை தடவ சொன்னேன்! கேட்டானா? நீயும் அவன்கிட்டயே போ.”

பின்வாங்கிய அவள் முழங்கை பட்டு ஊசி தெறித்தது. பாட்டு நின்றது.

டிரம்ஸ் நிற்கவில்லை.

சிமெண்ட் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

வலது. மயிரிழை கழித்து, இடது.

ஸ்பானரின் மணிக்கட்டு ஒடிந்தது. யாரும் தொடவில்லை.

அடுத்த தாளத்தில் முழங்கால் உடைந்தது. அதற்கடுத்து, பற்கள். ஒவ்வொன்றுக்கும் அவன் உடம்பு துள்ளி விழுந்தது. சுவரெல்லாம் ரத்தம்.

“குள்ளா... போதும்டா,” என்று ஸ்பானர் கெஞ்சினான்.

பாட்டில் மிச்சமிருந்த நேரம் முழுக்க அது ஓயவில்லை.

பிறகு தரையைத் தோண்டினார்கள். பிளந்த மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் அழுதாள். பாவம், அண்ணன் கிடைத்துவிட்டான்.

ஆனால் அந்தத் தட்டு அதற்கு முன்பே பல வீடுகளுக்குப் போயிருந்தது. ஒருமுறை அச்சாகிவிட்டால் தட்டு மாறுமா, சொல்லுங்கள்? மாறியிருக்கிறது. ஒட்டுப்போட்ட அந்த இடத்தில் இப்போது ‘போதும்டா’ என்று கெஞ்சும் ஒரு கிழவனின் குரல் கேட்கிறது.

போடப் போட, அந்தக் குரலுக்குப் பற்கள் குறைந்துகொண்டே வருகின்றன.