பனிக்கட்டி மேல் கோலிக்குண்டு

காலை 9.35. பர்மாவில், பபேடான் பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் ரோஸ், கால்மணி நேரத்துக்கு முன் குலுக்கி வைத்த சீசாவைப் பார்த்தாள். அடியில் வெள்ளைத் துகள் படிந்திருந்தது. மேலே நீர் தெளிந்திருந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சிவரை கொதித்தது அவளுக்கு. ஃபிரிட்ஜிலிருந்த மஞ்சள் காமாலைத் தடுப்பூசி நாற்பதும் பாழ்.

மருந்துக்கடையிலேயே ஊசி போட, நாயாய் அலைந்து வாங்கிய அனுமதி. இன்றுதான் முதல் நாள். பத்து மணிக்கு லைங் தாயா தையல் ஆலையிலிருந்து நாற்பது பெண்கள் வருகிறார்கள், மாதத்தில் கிடைக்கும் ஒரே லீவில். மருந்தைக் காக்கத் தெரியாத கடை என்று பேரானால் அனுமதி போய்விடும்.

"கரண்ட்டுதான், மா ரோஸ்," என்றார் மாரிச்சாமி, பர்மியரைப் போல 'மா' என்று மரியாதை சேர்த்து. பக்கத்துக் கிளினிக்கின் கம்பவுண்டர்; கண் சொட்டு மருந்தை இவள் ஃபிரிட்ஜில்தான் வைத்து எடுப்பார். "நேத்து சாயங்காலம் நாலுலேருந்து எட்டு வரைக்கும் இல்லியே. ஏழரைக்கு நான் வந்தப்ப மேல்தட்டு ஃப்ரீசர்ல ஐஸெல்லாம் தண்ணி. சூட்டுல போயிருச்சு."

எது கெட்டாலும் கரண்ட் மேல் பழி போடுகிற ஊர். யாரும் மறுக்க மாட்டார்கள்.

"ஆண்ட்ரூ, உள்ளே யார் போனது?"

"அண்ணன் மட்டுந்தான், அக்கா," என்றான் கடையாள். "நேத்துக் காலையில பதினொண்ணுக்குச் சொட்டு மருந்து வச்சாரு. ராத்திரி ஏழரைக்கு எடுத்தாரு. நான் முன்னால வியாபாரத்துல இருந்தேன்."

ரோஸ் தன் குளிர்ப்பையிலிருந்து இன்னொரு சீசாவை எடுத்தாள். நேற்றுக் காலையிலேயே, ஆலையில் காட்டுவதற்காக இதே பெட்டியிலிருந்து எடுத்துப் போனது. குலுக்கி, முதல் சீசாவின் பக்கத்தில் வைத்தாள். கால்மணி கழித்தும் அது பால்போல ஒரே சீராக இருந்தது.

"பாருங்கண்ணே. சூடு பட்டா மருந்து வீரியம் இழக்கும், இப்படிப் பிரியாது. உறைஞ்சு உருகினாத்தான் துகள் துகளாத் திரண்டு அடியில உக்காரும். கரண்ட் போனா எதுண்ணே உறையும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியும். உள்ளே வாங்க."

ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்தாள். பனிக்கட்டியின் உச்சியில் பச்சைக் கோலிக்குண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"கரண்ட் போற ஊர்ல இதுதான் என் காவல்காரன். தண்ணியை உறைய வச்சு மேல குண்டை வச்சிருக்கேன். ஐஸ் உருகியிருந்தா குண்டு மூழ்கி அடியில கிடக்கும். இது இடத்தை விட்டு அசையல. கீழ்த்தட்டுல வைக்கிற சொட்டு மருந்துக்கு மேல்தட்டை ஏன் தொறந்தீங்க? உருகாத ஐஸை ஏன் உருகிச்சுன்னீங்க?"

மாரிச்சாமி கோப்பையிலிருந்து கண்ணை எடுத்து வாசலைப் பார்த்தார்.

"பதினொண்ணுக்கு என் ஊசி மருந்தை உறையட்டும்னு மேல ஃப்ரீசர்ல ஏத்துனீங்க. ஏழரைக்குக் கீழ இறக்குனீங்க. சரியா?"

"இங்கேயே ஊசி போட்டா கிளினிக்குக்கு யார் வருவா?" என்றார் மாரிச்சாமி. "இத்தனை வருசமா ஊசின்னா என் கைதானே..."

"நான் குலுக்கிப் பாக்கலைன்னா? செத்த மருந்தைப் போட்டுக்கிட்டு, இனிப் பயமில்லன்னு நாற்பது பிள்ளைங்க போயிருக்கும். அதை நினைச்சீங்களா?"

வாசலில் பஸ் ஹாரன். சிரிப்பும் பேச்சுமாகப் பெண்கள் இறங்கினார்கள்.

ரோஸ் இரண்டு சீசாவையும் கோப்பையையும் அவர் கையில் திணித்தாள்.

"சுகாதார ஆபீசுக்கு அப்புறம் போவோம். முதல்ல இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. பர்மியில, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."