மூணாம் ரூமுக்கு அப்புறம்

எம். புதுப்பட்டி பட்டாசு ஆலை. காலை பதினொரு மணி. ஒன்பதாம் ரூமில் இருந்த மருந்து வாளியைக் காணோம். கலந்து வைத்த வெடிமருந்து. வெயிலில் சூடேறினாலே ஆபத்து.

ரூம் சாவி ஆபீஸ் ஆணியில் தொங்கியது. கதவைத் திறந்தால் அலற வேண்டிய மணி அலறவில்லை. மணிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த காவலாளி பாண்டிலட்சுமிதான் அதை அணைத்துவிட்டுத் திருடினாள் என்று முதலாளி சோலைச்சாமி முடிவே கட்டிவிட்டார்.

"நான் தொடவே இல்லம்மா. என்னைய ஜெயில்ல போட்ருவீகளா?"

எஸ்.ஐ. நசிமா மணிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் காக்கி போட்டவள். சும்மா ஆறுதல் சொல்லும் பழக்கம் கிடையாது.

மணிக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதிய விக்னேஷ்குமார் காலையிலிருந்தே ஆபீசில்தான் இருந்தான். "சாப்பாட்டு நேரத்துல சோதிப்போம் மேடம். வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம்" என்றான். நடுவில் எழுந்துபோய், ஒன்பதாம் ரூமுக்குப் பின்னால் வேலிக்கு வெளியே நின்ற தன் காரை நிழலுக்கு நகர்த்திவிட்டு வந்தான்.

ஒரு மணிக்கு எல்லா ரூமையும் பூட்டிவிட்டு ஆட்கள் சாப்பிடப் போனார்கள். ஒன்பதாம் கதவைத் திறந்தார்கள். மணி அலறியது. பாண்டிலட்சுமியின் முகம் செத்துப் போனது.

"மணியில கோளாறு இல்ல. நான் கெளம்பலாமா?" கேட்டுவிட்டு விக்னேஷ்குமார் மறுபடி காரை நகர்த்தப் போனான்.

நசிமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். திரும்பி வந்த ஆட்கள் மூன்றாம் ரூமில் மருந்து செலுத்த உட்கார்ந்தார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது.

"இதைச் சாத்த மாட்டீகளா?"

"ஆளு உள்ள இருந்தா சாத்தவே கூடாதும்மா. தீப்பிடிச்சா ஓடணும்ல" என்றாள் பாண்டிலட்சுமி.

"இப்ப ஒன்பதைத் திறங்க."

மணி அலறவில்லை.

நசிமா ஆபீஸ் கம்ப்யூட்டரில் புரோகிராமைப் படித்தாள். முதலாளி, விக்னேஷ்குமார், பாண்டிலட்சுமி மூவரையும் கூப்பிட்டாள்.

"ஒவ்வொரு ரூமும் இதுல ஒரு ஆப்ஜெக்ட், தனிப் பொருள் மாதிரி. லூப்புங்கிற சுத்து வரிசையாப் போயி, கதவு திறந்திருக்கான்னு ஒவ்வொண்ணையும் கேக்குது. மருந்து செலுத்துற ரூம் திறந்திருந்தா அதை மட்டும் விட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும். அதுக்கு 'கன்டின்யூ'ன்னு எழுதணும். இங்கன 'பிரேக்'னு இருக்கு. மூணாம் ரூம் திறந்திருந்தா, அங்கயே லூப்பை விட்டு வெளிய வந்துருது. ஒன்பதை அது கேக்கவே இல்ல."

"கை தவறியிருக்கும் மேடம்."

"கை தவறுனவரு எல்லா ரூமும் பூட்டியிருக்கிற நேரமாப் பாத்து சோதிக்கச் சொல்ல மாட்டாரு. சாவி தொங்குன ஆபீஸ்லதான் நீங்களும் இருந்தீக. சரி விக்னேஷ்குமார், அந்தக் காருக்கு எதுக்கு இம்புட்டு நிழல்?"

அவன் ஜன்னல் வழியே காரைப் பார்த்தான். வேப்பமர நிழல் விலகி, டிக்கி மேல் வெயில் ஏறியிருந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் பாண்டிலட்சுமி மூன்றாம் ரூமுக்கு ஓடிவிட்டாள். "எல்லாரும் வெளிய வாங்க" என்ற அவள் குரலுக்கு, திறந்திருந்த கதவு வழியே ஒருத்தர் பாக்கியில்லாமல் வெளியே வந்தார்கள்.

தீயணைப்பு ஆட்கள் டிக்கியிலிருந்து வாளியைப் பத்திரமாக இறக்கிய பிறகு சோலைச்சாமி பாண்டிலட்சுமிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா" என்றார்.

அவள் உட்காரவில்லை. "மொதல்ல மணியைச் சரிபண்ணச் சொல்லுங்க மொதலாளி. மூணாம் ரூம்ல ஆளு இருக்கையிலயும் அது அலறணும்."