முப்பது வரை எண்ணியவள்

வாடகைதாரர் உதவி மையத்துக்குள் நுழைந்ததும் அந்த நர்சிங் மாணவி செல்போனை மேசைமேல் வைத்தாள்.

"இதப் படிங்க சார். எங்க ஓனர் ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு அனுப்பினது. நான் ஊருக்குத் திரும்ப அப்பா வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டார். என் படிப்பு அவ்வளவுதான்."

ஆலோசகர் இருபது வருடம் பூட்டு பழுது பார்த்தவர். இன்றும் ஊருக்கு அவர் பூட்டுக்காரர்தான். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் மையத்தில் அவருக்கு உதவியாக இருந்த அக்கா மகள் போனை எடுத்து வாசித்தாள்.

"'ஞாயிறு மதியம் உங்கள் மகளின் கட்டிலில் ஒருவன் படுத்திருந்தான். கட்டம் போட்ட சட்டை. உங்கள் மகளே அவன் பொத்தான்களைக் கழற்றினாள். கௌரவமாக அழைத்துக்கொள்ளுங்கள்.' ச்சீ! என்ன மாமா இது?"

"அப்பா நம்பர் அவருக்கு எப்படிம்மா கிடைச்சுது?" என்று மாணவியைக் கேட்டார் பூட்டுக்காரர்.

"ரூம் கேட்டப்போ ஃபார்ம்ல எழுதச் சொன்னார். மாணவிகளுக்கு மட்டும்தான் வாடகைக்கு விடுவாராம். பாதுகாப்புக்காம். சார், சத்தியமா எந்த ஆம்பளையும் வரலை. கதவைப் பூட்டிட்டு நான் தனியா பரீட்சைக்குத் தயாராகிட்டு இருந்தேன். பக்கத்து ரூம் கிளிதான் ஏதோ போட்டுக் கொடுத்திருக்கா."

"ஓனரோட ஏதாவது சண்டையா?"

"சண்டை எதுவும் இல்லை. போன வாரம் துணி தேய்க்கும்போது தீஞ்சு, ரூம் முழுக்கப் புகை. மேல இருக்கிற புகை அலாரம் கத்தவே இல்லை. ஆள் வச்சுப் பாருங்கன்னு லெட்டர் கொடுத்தேன். அவ்வளவுதான்."

பூட்டுக்காரர் கண்ணாடியைக் கண்டுபிடித்தார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது.

அன்று மாலை மூவரும் அறைக்குப் போனார்கள். சாவித்துவாரத்தில் பஞ்சு அடைத்திருந்தது. கதவைத் திறந்தாலும் அலமாரி மறைத்ததால் கட்டில் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தாள் ஒட்டியிருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில், வெள்ளை வட்டமாக அலாரம்.

ஆணியில் ஒரு கட்டம் போட்ட சட்டை தொங்கியது. அக்கா மகள் பூட்டுக்காரரின் கையைக் கிள்ளினாள்.

"எங்க அண்ணனோடது. வீட்ல போட்டுக்குவேன்" என்றாள் மாணவி அவசரமாக.

அவர் சட்டையைப் பார்த்தார். கைகளில் மடிப்பு கலையவில்லை. மார்பின் நடுவில் மட்டும் உள்ளங்கையளவு கசங்கல்.

பக்கத்து அறைக் கதவைத் தட்டினார். கிளி என்ற பட்டப்பெயருக்கு ஏற்றபடி அவள் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"நானா போட்டுக் கொடுத்தேன்? இவ ஞாயித்துக்கிழமை மதியம் பூரா ஒன்னு, ரெண்டு, மூணுன்னு முப்பது வரைக்கும் கத்தினா. முடிச்சதும் திரும்ப ஒன்னுல இருந்து! இந்தச் சுவர் அப்பளம் மாதிரி, தும்மினாக்கூடக் கேட்கும். ஆம்பளைக் குரல் இருந்தா எனக்குக் கேட்காதா?"

பூட்டுக்காரர் மாணவியின் பக்கம் திரும்பினார். "காலேஜ் பொம்மையை எதுலம்மா கொண்டு வந்தே?"

அவள் முகம் வெளுத்தது. "சூட்கேஸ்ல சார். அனுமதி வாங்கலை, அதான் சொல்லப் பயந்தேன். மறுநாள் காலைலயே காலேஜ்ல திரும்ப வச்சுட்டேன்."

"பொம்மையா?" என்றாள் அக்கா மகள்.

"மூச்சு நின்னவங்களுக்கு நெஞ்சை அழுத்திப் பழகுற பொம்மை. முப்பது தடவை அழுத்திட்டு மூச்சு ஊதணும். கையும் கிடையாது, இடுப்புக்குக் கீழ ஒன்னுமே கிடையாது. அதுக்கு அண்ணன் சட்டையை மாட்டி, கீழ போர்வை போட்டிருந்தேன். பொத்தான் கழட்டறதும் பரீட்சையில உண்டு."

பூட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் ஒரு போன் செய்தார். அரை மணி நேரத்தில் ஒரு பெண் காவல் அதிகாரி வந்தார். வீட்டு உரிமையாளரையும் அறைக்கே வரவழைத்தார்கள்.

"பக்கத்து ரூம் பொண்ணுதான் சொன்னா" என்றார் உரிமையாளர்.

"அப்படியா?" என்றார் பூட்டுக்காரர். "அவளுக்கு எண்ணுறது மட்டும்தான் கேட்டுச்சு, சட்டை தெரியாது. உங்களுக்குச் சட்டை, பொத்தான் எல்லாம் தெரியுது, எண்ணினது மட்டும் தெரியலை. கதவுகிட்ட நின்னவனுக்குக் காது கேட்டிருக்கும். உள்ள வந்தவனுக்கு அது பொம்மைன்னு புரிஞ்சிருக்கும். பார்த்தவனுக்குக் கண்ணு இருந்துச்சு, காது இல்லை. அவன் இந்தக் கட்டிலை மேல இருந்து பார்த்திருக்கான்."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. உரிமையாளரின் தலை மட்டும் குனிந்தது.

"அலாரத்தைப் பார்க்க வெளியாள் வந்தா மாட்டிக்குவீங்க. நீங்களே வெளிய போகச் சொன்னா இவ எங்க மையத்துக்கு வருவா. அப்பாவே கூப்பிட்டுக்கிட்டா யார் கேள்வி கேட்கப்போறா?"

அதிகாரி நாற்காலியில் ஏறி மூடியைத் திருகினார். உள்ளே புகையை உணரும் கருவி இல்லை. மிளகளவு லென்ஸ் ஒன்று கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எட்டு மாசமா இந்தக் கட்டில்லதான் படுத்திருக்கேன்" என்றாள் மாணவி.

வாசலில் நின்ற கிளியின் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. "சார்... என் ரூம்லயும் இதே மாதிரிதான் ஒன்னு இருக்கு."

மாணவி அப்பாவை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம அவன நம்பிட்டேனே."

"ஆமாப்பா" என்றாள். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பெண்களும் வேறு வீட்டில் ஒரே அறைக்குக் குடிபோனார்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன், மாணவி கூரை அலாரத்துக்கு அடியில் நாற்காலியைப் போட்டு ஏறி, ஒரு தாளைக் கொளுத்தி அணைத்துப் புகையை உயர்த்திப் பிடித்தாள்.

அது காதைக் கிழிக்கிற மாதிரி அலறியது. மாடியிலிருந்து யாரோ திட்டினார்கள். கிளி காதைப் பொத்திக்கொண்டு, "போதும்டி, நிறுத்து!" என்று கத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள், நாற்காலியை விட்டு இறங்காமல்.