இறந்தவன் எழுதிய பக்கம்

காலை 9.40. ரத்தம் தேடுபவர்களையும் கொடுப்பவர்களையும் இணைக்கும் அந்த இணையதளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே வாசகம்தான் வந்தது.

"வழி தவறிட்டீங்களா? பயப்படாதீங்க. நான் இங்கேதான் இருக்கேன்."

அதை எழுதிய நிரலாளன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அலுவலகத்தில் அவனுடைய காலி நாற்காலிப் பக்கம் யாரும் திரும்பவில்லை. தொலைபேசியில் யாரோ ஒரு தகப்பன் கதறிக்கொண்டிருந்தார். "என் பொண்ணு ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கா. ரத்தம் குடுக்கிறவங்க பட்டியல் எங்கய்யா?"

பிழை பிடிப்பதே வேலையான சோதனையாளரை எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். அவள் தலைமை நிரலாளரைக் கேட்டாள்.

"நேத்து என்ன சார் மாத்தினீங்க?"

"ஒரு வரிகூட மாத்தலை. சத்தியமா."

"எந்த முகவரிக்கு எந்தப் பக்கம்னு சொல்ற விதிகள் எங்கே?"

"முன்னாடி ஒரே கோப்புல இருந்துச்சு. அவன்தான் ஆறாப் பிரிச்சான். கோப்புகள் பேரோட அகரவரிசைப்படி ஒண்ணுபின்னே ஒண்ணா சேரும். முதல்ல பொருந்துற விதிதான் ஜெயிக்கும்."

"இந்த வாசகம்?"

"தப்பான முகவரில வர்றவங்களுக்குக் காட்ட எழுதினது. எந்த முகவரியா இருந்தாலும் அதுக்குப் பொருந்தும். அதனால கடைசிக் கோப்புல வச்சான்."

9.52. அவள் பட்டியலைத் திறந்தாள். அண்ணா, உதவி, கொடை, தேடல், பதிவு, மருத்துவமனை.

முதல் பேரிலேயே அவள் விரல் நின்றது. மெல்ல எழுந்து, ஜன்னலோரம் இருந்த வடிவமைப்பாளரிடம் போனாள். இறந்தவனின் தங்கை அவள்.

"நீதானே?"

"நான் எதையும் தொடலைக்கா."

"உள்ளே தொடலை. 'வழிதவறியவர்'னு இருந்த கோப்போட பேரை மாத்தியிருக்கே. 'வ' கடைசில நின்னுச்சு. 'அ' முன்னாடி வந்து எல்லா வழியையும் மறிச்சிடுச்சு. வரிகளையே பார்த்துட்டு யாரும் பேரைப் பார்க்கலை. இந்த அறையில அவரை அண்ணான்னு கூப்பிட்டது நீ ஒருத்திதான்."

"நேத்து அவனோட ஆபீஸ் கணக்கை அழிச்சிட்டாங்கக்கா. எங்கேயாவது ஒரு இடத்துல அவன் இருக்கட்டுமேன்னு..."

பூதக்கண்ணாடி பழைய பெயரைத் திரும்ப வைக்கவில்லை. அந்தக் கோப்பு எப்போதும் கடைசியில்தான் சேர வேண்டும் என்று ஒரு வரி எழுதினாள்.

10.03. பட்டியல் திறந்தது. அந்தத் தகப்பனுக்கு, மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவிலேயே ரத்தம் கொடுக்க ஒருவர் கிடைத்தார்.

"கணக்கை அழிச்சது நான்தாம்மா," என்றார் தலைமை நிரலாளர், தரையைப் பார்த்தபடி. "உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"கொஞ்சம் வெளியே போய்ட்டு வரட்டுமா சார்?" என்று கேட்டாள் தங்கை.

பூதக்கண்ணாடியும் கூடவே போனாள்.